இளைத்த உடம்புக்கு ஆபரேஷன்: அவசரப்படாதீர்கள்!

"அடேயப்பா! பாதி ஆளாயிட்டீங்களே! என்ன மந்திரம் பண்ணினீங்க?"

2023-ஆம் வருடம் முழுக்க, அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் கேட்ட கேள்வி இது. "மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நடைதான்" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

2022 பொங்கலன்று என் எடை 97 கிலோ. உயரமோ 157 செ.மீ. தான். இரண்டு பிரசவம், இரண்டாவது சிசேரியன். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த இட்லியும் தோசையும் வீணாகக் கூடாதே என்று என் வயிற்றுக்குள்தான் போகும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்து போனேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தெருத் தெருவாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானுமாக ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போய் நடப்போம். சாதத்தைக் குறைத்தேன், பொரியலைக் கூட்டினேன். ஐந்து வேளை காபி இரண்டாயிற்று. 21 மாதத்தில் 31 கிலோ குறைந்தேன்.

எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றும்போது நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வயிற்றுத் தோல் காலி கோணிப் பை மாதிரி மடிந்து தொங்கியது. புடவைக் கொசுவம் நிற்காமல் நழுவும். உட்கார்ந்தால் மடிப்பு தொடை மேல் வந்து விழும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கி, சிவந்து, புண்ணாகி, நாற்றமும் வந்துவிடும். பவுடர் கொட்டினால் அது மாவாகக் குழைந்து இன்னும் எரியும். குண்டாக இருந்தபோதுகூட நான் இப்படிக் கூசியதில்லை. 'இத்தனை பாடுபட்டு இளைத்தது இதற்குத்தானா?' என்று குளியலறையில் அழுத நாட்கள் உண்டு.

என்னைப் போல எத்தனை சகோதரிகள் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறீர்களோ! 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் எடை அதிகமுள்ளவர்கள். எடை குறைக்க இப்போது வழிகளும் பெருகிவிட்டன. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் இருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகளும் 2025-ல் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆகவே, 'இளைத்த பிறகு தொங்கும் தோலுக்கு என்ன செய்வது' என்ற கேள்வி இனி வீட்டுக்கு வீடு எழத்தான் போகிறது. அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

'காலையில் வாங்க, மாலையில் வீடு'

2023 அக்டோபரில், செய்தித்தாளோடு ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. ஒரே நாளில் வயிறு தட்டையாகிவிடும், காலையில் வந்தால் மாலையில் வீடு திரும்பலாம், பண்டிகைக் காலத் தள்ளுபடி உண்டு என்று போட்டிருந்தார்கள். தை மாதம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். பட்டுப்புடவை கட்டி மணவறைப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நான். கேட்க வேண்டுமா? மறுநாளே போய்விட்டேன்.

வாசலில் குளுகுளு ஏ.சி., உள்ளே பெரிய பெரிய படங்கள். என்னிடம் பேசியவர் டாக்டர் இல்லை, ஒரு இளம்பெண். நோட்டில் வயிற்றின் படம் வரைந்து காட்டினாள். "வயிறு, கை, மார்பு மூணையும் ஒரே தடவையில செஞ்சுக்கிட்டா உங்களுக்கு லாபம் மேடம். பத்து நாள்ல டேட் தரேன்" என்றாள். ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்சே இல்லை. எடை இன்னும் குறைகிறதா என்றும் கேட்கவில்லை. பாதிப் பணம் கட்டினால் தேதி உறுதி என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அவரிடம் சொல்லாமல் இரண்டு வளையலை அடகு வைத்து 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். செய்தது தப்புதான். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா காட்டியது

ஆவடியில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள். 118 கிலோ இருந்தவள், இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டு மளமளவென்று இளைத்தாள். வயிற்றுத் தோலையும் எடுத்துவிட்டதாகக் கேள்வி. அவளிடம் யோசனை கேட்கலாமே என்று போனில் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அன்று மதியமே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

அத்தை கூடத்தில் படுத்திருந்தார். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் புடவையை விலக்கினாள்.

"பாருடி."

ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை தழும்பு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்து, நிறம் மாறி, பள்ளமாக இருந்தது. அதற்கு மேலே மறுபடியும் தோல் மடிப்பு!

"இரைப்பை ஆபரேஷன் ஆகி அஞ்சாவது மாசமே இதைச் செஞ்சுக்கிட்டேன். வயிறும் கையும் ஒரே நாள்ல. எட்டாம் நாள் தையல் பிரிஞ்சு போச்சு. ஏழு வாரம் தினமும் கட்டு மாத்தினாங்க. பிள்ளைங்களைக்கூட மடியில வெச்சுக்க முடியலை. அப்புறமும் எடை குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சுடி. இன்னும் 14 கிலோ இறங்கினேன். தோல் மறுபடியும் தொங்கிடுச்சு. போன பணம் போச்சு, பட்ட வலியும் வீண். வெளியில சொல்ல வெக்கம், அதான் உன்கிட்டயும் சொல்லலை."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். சாயங்காலம் அவர் வந்ததும் வளையல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "பணம் போனா போகட்டும்மா. முதல்ல ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம்" என்றார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதுவும் நாலு நடை நடந்த பிறகு!

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. மூன்றும் போய்வரக்கூடிய தூரம்தான். பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் வந்துவிடும். ஆபரேஷன் செய்துகொள்கிறோமோ இல்லையோ, பணம் பறிக்காத யோசனை கிடைக்கிறதே, அது பெரிய விஷயமில்லையா?

நான் அப்படி ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனேன். கூட்டம்தான். ஆனால் என் முறை வந்தபோது அந்த டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார்.

"ஏம்மா, மாசத்துக்கு எவ்வளவு குறையுது இப்ப?"

"ஒன்றரை கிலோ, டாக்டர்."

"அப்ப இன்னும் இளைச்சு முடியலை. வளர்ற பிள்ளைக்கு அளவெடுத்துத் தீபாவளிக்குத் தைச்சா பொங்கலுக்கு அந்தச் சட்டை பத்துமா? அதே கதைதான் இதுவும்."

பிறகு அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தோலுக்கு இழுபடும் தன்மையைத் தருபவை அதிலுள்ள நார்ச்சத்துகள். வருடக்கணக்கில் கொழுப்பால் இழுபட்டு அவை அறுந்துபோனால் திரும்பச் சுருங்குவதில்லை. க்ரீம், எண்ணெய், மசாஜ் எதுவும் அதைச் சுருக்காது. உடற்பயிற்சி தசையைக் கெட்டிப்படுத்தும், தோலைக் குறைக்காது. அதிகப்படித் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு உடம்பு தயாராக இருக்க வேண்டும்.

எப்போது செய்யலாம்?

எடை குறைந்து முடிந்து, குறைந்தது 3 முதல் 6 மாதம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் நிலையாக நிற்க வேண்டும். இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த நிலை வர 12 முதல் 18 மாதம் ஆகும். அக்கா ஐந்தாவது மாதத்தில் செய்துகொண்டாள் என்றால் தவறு எங்கே என்று புரிகிறதல்லவா?

எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இது 30-க்குக் கீழே இருக்கும்போது செய்தால் ஆபத்து குறைவு. 35-க்கு மேல் போகப் போகப் புண் ஆறாமை, சீழ், ரத்தக்கட்டி எல்லாமே கூடும்.

இளம் தாய்மார்களே, இதை நன்றாகக் கவனியுங்கள்! இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமிருந்தால் வயிற்று ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள். அடுத்த பிரசவத்தில் தைத்த தசையும் தோலும் மறுபடி விரிந்துவிடும். பிரசவமான பிறகு குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். மார்பகத்தில் ஏதாவது செய்வதென்றால், தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். "சிசேரியன் பண்ணும்போதே தொப்பையையும் எடுத்துடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டாம். அது வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அந்த நேரத்தில் கருப்பை விரிந்து கிடக்கும். ரத்தம் உறையும் தன்மையும் அதிகமாக இருக்கும். எவ்வளவு தோல் தானாகச் சுருங்கும் என்றும் அப்போது தெரியாது.

என் ரத்தம் சொன்ன கதை

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.6! பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. "இந்த ரத்தத்தோட பத்து நாள்ல மூணு ஆபரேஷனா?" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு வெலவெலத்துப் போயிற்று. மாத விலக்கு அதிகமாகப் போவதை நான் சட்டையே செய்யாமல் இருந்திருக்கிறேன். இளைக்க வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்தவள், அதில் சத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

புண் ஆற வேண்டுமானால் உடம்பில் புரதம் வேண்டும், இரும்பு வேண்டும், பி12 வேண்டும். வேகமாக இளைத்தவர்களுக்கும் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் குறைவது இவையேதான். அக்காவின் தையல் பிரிந்ததற்கும் புரதக் குறைவு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் என்று கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 20 கிராம் வரை கிடைக்கும். பருப்பு, தயிர், வேர்க்கடலை, மீன் என்று மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொண்டேன். சோயா உருண்டையைக் குழம்பில் போட்டால் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இரும்பு மாத்திரையோடு முருங்கைக்கீரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது என்பதால் அந்தப் பழக்கத்தையும் விட்டேன். மாத விலக்குக்குத் தனியாக வைத்தியம். நான்கு மாதத்தில் 12.1-ஐத் தொட்டேன்.

காத்திருந்த காலத்தில் மடிப்புப் புண்ணுக்கும் வழி சொன்னார். குளித்ததும் மடிப்பை ஒற்றி ஒற்றி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இடையில் பழைய மெல்லிய பருத்தித் துணியை வைத்து, நனைந்தால் மாற்ற வேண்டும். பூஞ்சைத் தொற்று என்றால் டாக்டர் எழுதித் தரும் களிம்பு மட்டும்தான் போட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பு நிற்கும், பிறகு தோல் மெலிந்து படை பரவிவிடும். நானும் அப்படி ஒன்றைத்தான் ஆறு மாதமாகத் தடவிக்கொண்டிருந்தேன்!

தை மாதம் கொழுந்தன் கல்யாணத்துக்கு அந்தத் தொங்கும் வயிற்றோடுதான் போனேன். உள்பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி இறுக்கிக் கட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், யாருமே கவனிக்கவில்லை!

ஆபத்துகள் என்னென்ன?

இது முகத்துக்குப் பவுடர் போடுகிற சமாச்சாரமில்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய ஆபரேஷன்.

முதலாவது, ரத்தக்கட்டி. அசையாமல் படுத்திருக்கும்போது கால் நரம்பில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், வீட்டில் யாருக்காவது முன்பு இப்படி வந்திருந்தவர்களுக்கும் இது அதிகம். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வது. இது அடிக்கடி வருவது, ஊசியால் எடுத்துவிடலாம். மூன்றாவது, சீழ் பிடித்தல், தையல் பிரிதல், தோல் ஓரம் கறுத்துச் செத்துப்போதல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகையிலை போடுகிறவர்களுக்கும் இவை அதிகம். வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் புகையிலைதான்! ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது நாலு வாரம் தொடக் கூடாது.

நான்காவது, தழும்பு. அது நிச்சயம் இருக்கும், மறைவதில்லை. காது குத்தினால் தடித்துக்கொள்ளும் தோல்வாகு உள்ளவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

எடை குறைப்பு ஊசி போடுகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். வயிற்றில் மிச்சமிருக்கும் உணவு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, தோலை வெட்டி எடுப்பது வேறு. இளைத்து முடித்தவர்களுக்கு உறிஞ்ச அதிகம் இருக்காது. உறிஞ்சினால் தோல் இன்னும் தொங்கும். அது எடை குறைக்கும் வழியும் அல்ல. ஒரே நேரத்தில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்து என்பது மருத்துவர்களின் பொதுவான எல்லை.

சில சம்பவங்களை நாம் மறக்கக் கூடாது. 2022 மே மாதம் பெங்களூரில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன கன்னடச் சின்னத்திரை நடிகை சேதனா ராஜ் இறந்துபோனார். வயது 21! வீட்டில் பெற்றோருக்குத் தெரியாமல் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்திருந்தும் நானும் அவரிடம் சொல்லாமல்தானே முன்பணம் கட்டினேன்? 2024 ஏப்ரலில், புதுச்சேரியிலிருந்து எடை குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னைப் புறநகருக்கு வந்த 26 வயது வாலிபர் ஒருவர் உயிரிழந்தார், அரசு விசாரணை நடந்தது. அமெரிக்காவில் டோண்டா வெஸ்ட் என்ற பேராசிரியை, பிரபல பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாயார், வயிறும் மார்பும் ஆபரேஷன் செய்துகொண்ட மறுநாள், 2007 நவம்பரில் இறந்தார். அதன் பிறகு 2009-ல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. அழகு ஆபரேஷனுக்கு முன் உடல் பரிசோதனை செய்து, 'இவர் தகுதியானவர்' என்று எழுத்தில் வாங்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம். என்னிடம் முன்பணம் வாங்கிய இடத்தில் இரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

ஆடி மாதத்தில் ஆபரேஷன்

2024 ஜனவரியிலிருந்து என் எடை 62-லேயே நின்றது. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஜூலையில் தேதி கொடுத்தார்கள். "ஆடி மாசத்துலயா?" என்று அத்தை முகம் சுளித்தார். பிறகு அவரே, "கத்திரி வெயில்ல அந்த பெல்ட்டைப் போட்டுக்கிட்டு எப்படி இருப்பே? இப்பவே செஞ்சுக்க" என்று சமாதானமானார்.

வயிறு மட்டும்தான் செய்தார்கள். கைக்கு வேறொரு சமயம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பலவற்றை ஒன்றாகச் செய்தால் மயக்கத்தில் இருக்கும் நேரமும் ஆபத்தும் கூடுமாம். மூன்று மணி நேரம் ஆயிற்று. பிரசவத்தில் விலகிப்போயிருந்த வயிற்றுத் தசைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். எடுத்த தோலும் கொழுப்பும் எவ்வளவு தெரியுமா? 2 கிலோகூட இல்லை!

மறுநாள் காலையிலேயே பிடித்து நடக்க வைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஊசி, காலுக்கு இறுக்கமான உறை. வயிற்றில் இரண்டு பக்கமும் கழிவுநீர்க் குழாய், ஐந்தாம் நாள் எடுத்தார்கள். பத்து நாள் கூன் விழுந்த பாட்டி மாதிரி குனிந்துதான் நடந்தேன். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். முழங்காலுக்கடியில் தலையணை வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். ஆறு வாரம் இரவும் பகலும் பெல்ட். அந்த ஆறு வாரமும் குடம், குக்கர், மாவுப் பாத்திரம், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. இருமினால், தும்மினால் உயிர் போய் வரும். எனக்கும் நீர் கோத்தது, இரண்டு தடவை ஊசியால் எடுத்தார்கள்.

அந்த நாட்களில் என் வீட்டில் வந்து தங்கிச் சமைத்துப் போட்டவள் யார் தெரியுமா? ஆவடி அக்காதான். அவளும் இப்போது அந்த டாக்டரம்மாவிடமே காட்டிக்கொண்டிருக்கிறாள். அவசரமில்லாமல்!

இன்று புடவைக் கொசுவம் நிற்கிறது. மடிப்புப் புண் இல்லை. ஆனால் தழும்பு இருக்கிறது, தொப்புளுக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. கைத் தோலும் தொங்குகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். முழங்கை வரை ரவிக்கை தைத்துக்கொண்டால் போயிற்று!

போகும் முன் கேளுங்கள்

உங்களுக்கும் இந்த எண்ணம் இருந்தால், தேதி வாங்கும் முன்பு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. கத்தி பிடிக்கப் போகிறவர் யார்? எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்.-க்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.ஆர்.என்.பி. படித்தவரா? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா?

2. தனியார் இடமென்றால், 1997-ஆம் வருடச் சட்டப்படி வாங்க வேண்டிய பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா?

3. மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் கூட இருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா? இரவில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்?

4. ரத்தம், சர்க்கரை, இருதயம், நுரையீரல் பார்த்தாகிவிட்டதா?

5. மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவு யாருடையது?

6. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் எழுதித் தருவது போன்றவை தவிர, அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரியைக் கம்பெனிகள் விலக்கி வைக்கலாம். மடிப்புப் புண்ணுக்காகப் பலமுறை வைத்தியம் பார்த்த சீட்டுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஆபரேஷன் ஆன பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, தோல் கறுத்தல் என்று எது கண்டாலும் 'விடிஞ்சதும் பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். 108-க்குப் போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் சரி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 21 மாதம் பொறுமையாக நடந்து இளைத்தவள் நான். இன்னும் ஒன்பது மாதம் காத்திருந்ததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடகு வைத்த வளையல்களையும் போன தீபாவளிக்கு மீட்டாயிற்று. ஒன்று என் கையில் இருக்கிறது. இன்னொன்றை ஆவடி அக்காவின் மகள் வளைகாப்புக்குப் போட்டுவிட்டேன்.